அறுபது காட்டிய முள்

நிலக்கடலை சூப்பை ஆறவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும், வக்கீலம்மா. குடித்துக்கொண்டே எழுதுங்கள். வறுத்த உருளைக்கிழங்கைத் தனியாக வைத்திருக்கிறேன், மேலே போட்டுக்கொள்ளலாம். என் மகன் லிம்பெர்ட்டுக்கு அப்படிப் போட்டால் தொண்டையில் சிக்கும், அதனால் அவனுக்கு எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்கிறேன். அந்த உறுமல் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். அவன் படுத்திருக்கும் காற்று மெத்தையின் மோட்டார் அது. கொஞ்ச நேரத்தில் உங்களுக்கும் பழகிவிடும். எனக்கெல்லாம் அது நின்றால்தான் தூக்கம் கலைகிறது.

கிரோவர் உங்களைக் கூட்டிவந்ததில் எனக்கு வருத்தமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறானே, அவன் நல்ல பையன். என் மகனோடு ஒன்றாகச் சைக்கிள் விட்டவன். தாடை கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்கும் நான்தான் காரணம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மறைப்பதற்கு நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

என் பெயர் எலோடியா. லா பாஸில் இந்தச் சரிவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கடையைத் தொடங்கியது என் வீட்டுக்காரர் நெஸ்டோர். ஆரஞ்சு பறிக்க ஸ்பெயினுக்குப் போனார். "ஆறு மாசந்தான் எலோடியா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்றார். நானும் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். முதலில் வாரம் ஒருமுறை போன் வந்தது, பிறகு பண்டிகைக்கு வந்தது, பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. அன்றைக்கு என் கையில் அவருடைய பம்பு இருந்தது. சுவரில் வீசி அடித்தேன்.

அந்தப் பம்பைப் பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலைச் சரிவில் இறக்குகிற சைக்கிளுக்கு முன்பக்கம் ஃபோர்க் என்று இரண்டு கால் இருக்கும். அதற்குள் காற்று. படிக்கட்டில் இறங்கும்போதும் பலகையிலிருந்து குதிக்கும்போதும் வருகிற அடியை அந்தக் காற்றுதான் வாங்கிக்கொள்கிறது. காற்று அதிகமானால் கைக்குக் கல் மாதிரி இருக்கும். குறைந்தால், பிரேக்கைத் தொட்டதும் முன்பக்கம் குப்பென்று அமுங்கி, ஓட்டுகிறவனைத் தலைக்கு மேலே தூக்கிப் போடும். ஒவ்வொருவனுக்கும் அவன் எடைக்கு ஏற்ற ஓர் எண் உண்டு. அதைக் காட்டுவதற்குப் பம்பின் தலையில் சின்ன மீட்டரும் முள்ளும் இருக்கும்.

நான் சுவரில் அடித்ததிலிருந்து அந்த முள் பொய் சொல்ல ஆரம்பித்தது. காற்று நிஜமாக எண்பது இருந்தால் அது அறுபது காட்டும். காலி ஃபோர்க்கில் மாட்டி அடித்தால் முதல் சில அடிகளுக்கு முள் பூஜ்யத்திலேயே படுத்துத் தூங்கும், அப்புறம்தான் எழுந்திருக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை. என் கடைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் அந்த ஒரே பம்பில் அடித்து, ஓட்டிப் பார்த்து, அவனவனுக்குச் சரியான எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பொய் என்றால் ஒருவனும் விழமாட்டான். லிம்பெர்ட்டின் எண் அறுபது.

நெஸ்டோர் போனபோது அவனுக்குப் பால்பல்கூட முளைக்கவில்லை. என் முதுகில் அகுவாயோத் துணியில் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குக் கம்பி கோத்திருக்கிறேன். முட்டி தேய்ந்தால் நான் ஊதினேன், ஜுரம் வந்தால் நான் விழித்திருந்தேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். பிள்ளை மனம் என்ன என்பதையும் அந்தப் பழமொழியே சொல்லிவிடுகிறது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

அவனுக்குப் பதினெட்டு ஆவதற்குள் இந்த ஊர்ப் படிக்கட்டுகளில் அவனை முந்த ஆளில்லை. மேலே எல் ஆல்டோ விளிம்பிலிருந்து கீழே சந்தை வரைக்கும், வீட்டுக் கூரைகளுக்கு நடுவே, நாய்களுக்கு நடுவே, பலகை போட்ட படிகளில் இறங்குவான். பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குப் பெருமைதான். ஊரில் எத்தனை வேகமாகப் போனாலும் கீழே வந்து கேபிள் கார் ஏறி வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்?

பிறகு இத்தாலியிலிருந்து ஒரு சைக்கிள் அணிக்காரர் வந்தார். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார், இதே சூப்பைத்தான் குடித்தார், அருமை என்று விரலைக் குவித்து முத்தம் கொடுத்தார். ஊர்ப் போட்டி முடிந்ததும் லிம்பெர்ட்டை அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் போன பிறகு என் மகன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

"இறக்கி விடுடா எருமை, இடுப்பு போயிரும்" என்றேன். "எத்தன நாளைக்கு?"

"ஒரே ஒரு சீசன்தாம்மா."

"சீசன்னா?"

"ஆறு மாசம்."

நான் சிரித்தேன், வக்கீலம்மா. உண்மையாகவே சிரிப்பு வந்தது. அப்பன் முகம்கூட நினைவில் இல்லாத பிள்ளை, அப்பன் அளந்த அதே அளவை எங்கிருந்து எடுத்தான்?

"எதுக்கும்மா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. போய்ட்டு வா."

"நெசமாவா? அழுது ஊரக் கூட்டுவேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குடா அழணும்? ஒன் மூட்டையில ஒரு போர்வை கூடப் போட்டு வைக்கிறேன்."

நான் அழவில்லை. அழுது யாரையும் நிறுத்த முடியாது என்று எனக்கு முன்பே தெரியும். ஒருமுறை அழுது பார்த்தவள்தானே.

காறை எலும்பு என்று ஒன்று இருக்கிறது, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே. சரிவில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு அது உடைவது பால்பல் விழுவது மாதிரி. விழுவார்கள், உடையும், கட்டுப் போட்டால் கூடிவிடும். ஆனால் அது கூடுகிற காலத்துக்குள் அணியில் வேறொருவனை எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்டதெல்லாம் ஓர் எலும்பு. அவனைச் சுமந்து பெற்றவளுக்கு அவன் உடம்பிலிருந்து ஓர் எலும்பு கேட்க உரிமை இல்லையா? இல்லை என்று எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

லிம்பெர்ட்டின் சைக்கிளை நான் தொடவில்லை. இதைத் தெளிவாக எழுதுங்கள். காற்று விஷயத்தில் அவன் யாரையும் கிட்டே விடமாட்டான், என்னையும்கூட. போட்டி நாள் காலையில் பழைய காற்றை முழுவதும் திறந்துவிட்டு, புதுக் காற்றை அவனே அடிப்பான். பழைய காற்றில் முன்பு விழுந்த தோஷம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இந்தப் பையன்களுக்கு ஒரு நம்பிக்கை. அடித்து முடித்து மூடியைத் திருகியதும் சல்லா செய்வோம். பூமித்தாய் பச்சமாமாவுக்குக் கொஞ்சம் பீர் தரையில், கொஞ்சம் முன் சக்கரத்தில், ஹேண்டில்பாரில் காகிதச் சுருள், மேலே வண்ணப்பொடி. அதற்கப்புறம் கீழே போய்ச் சேரும் வரைக்கும் அந்த மூடியை ஒருவரும் திறக்கக் கூடாது. பூமித்தாய்க்குக் காட்டிய காற்றை மாற்றினால் அவளை ஏமாற்றியதாகிவிடும். எங்கள் கடையில் இது நெஸ்டோர் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

நான் செய்தது ஒரு ரிப்பேர். அவ்வளவுதான். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது, மீட்டரின் கண்ணாடியைத் திருகி எடுத்தேன். முள்ளைப் பிடுங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினேன். இத்தனை வருஷம் பொய் சொன்ன முள் அப்போதுதான் உண்மை சொல்ல ஆரம்பித்தது. அறுபது என்று காட்டினால் அறுபதுதான். உண்மை பேசுகிற மீட்டரை வைத்திருந்தது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலையில் இந்த முற்றத்தில்தான் அடித்தான். நான் பக்கத்தில் ஊதாச் சோள அப்பிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றேன். முதல் அடியிலேயே முள் எழுந்தது. அவன் கை ஒரு நொடி நின்றது. புருவத்தைச் சுருக்கினான். பிறகு அறுபது வரைக்கும் அடித்து மூடியைப் போட்டான்.

"இன்னிக்கு சீக்கிரமே ஏறிருச்சே" என்றான்.

"கைல தெம்பு கூடிருச்சு. இத்தாலிக்காரன் தெம்பு" என்றேன்.

சிரித்தான். அடுத்து கிரோவர் வந்து பம்பை வாங்கினான். அவனும் அவன் எண்ணுக்கு அடித்தான். அவனைத் தடுத்திருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. என்ன காரணம் சொல்லித் தடுப்பேன்?

"அத்தை, இவன் போய்ட்டா இந்த ஊருல நாந்தான் ராசா. எனக்கும் இப்பிடி அப்பி காச்சித் தருவீங்களா?" என்று கேட்டான்.

"மொதல்ல கீழ போய்ச் சேரு, அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

கேபிள் காரில் மேலே போனோம். எல் ஆல்டோவில் குளிர் எலும்பைத் தொட்டது. கோட்டில் நிற்பதற்கு முன்னால் லிம்பெர்ட் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். இன்னொருமுறை அமுக்கினான். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, முன்னாடி பொதபொதன்னு இருக்கும்மா."

"குளிருடா. காத்து சுருங்கியிருக்கு."

"இவ்வளவா சுருங்கும்?"

"கீழ எறங்க எறங்கச் சரியாயிரும். வெயிலு வந்துரும்ல."

"மூடியத் தெறந்து ரெண்டு அடி போட்டுக்கவா?"

"சல்லா பண்ணுன காத்தத் தெறக்கப் போறியா? அதுவும் இன்னிக்கு? ஒன்னிஷ்டம்."

அவன் வண்ணப்பொடி ஒட்டிய மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். ஹெல்மெட்டின் முன்பக்கம் என் மூக்கில் இடித்தது.

குளிரில் காற்று சுருங்கும் என்பது நிஜம்தான், கொஞ்சம் சுருங்கும். ஆனால் கீழே இறங்க இறங்க வெளிக்காற்று கனத்துவிடும், ஃபோர்க் இன்னும் மெத்தென்றுதான் ஆகும். எனக்கு அது தெரியும். நெஸ்டோர் சொல்லிக் கொடுத்திருந்தார். மகனுக்கு எல்லாத் தொழிலையும் கற்றுக்கொடுத்தேன், இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டிருக்கிறேன்.

கிரோவர்தான் முதலில் இறங்கினான். மேல் படிக்கட்டின் இரண்டாம் திருப்பத்திலேயே விழுந்தான். தாடை போயிற்று, முன்பல் இரண்டு போயின. மேலே நின்ற எங்களுக்கு அவன் விழுந்தான் என்றுமட்டும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். லிம்பெர்ட் கோட்டருகே தன் முறைக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு முன்னால் இன்னும் பல பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அவன் கேட்டிருப்பான், அவ்வளவு பக்கம். பிறகு கிரோவர் மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் நான்தான் அவனுக்குக் குழாய் வைத்துச் சூப் ஊட்டினேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்கும் நேராக இருக்கட்டும்.

என் மகன் எங்கே விழ வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். யோசிக்காமல் செய்தவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. மாதாகோவில் திருப்பத்தில் ஒரு பெரிய பலகை இருக்கிறது, குதித்ததும் பிரேக் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். அங்கே வைக்கோல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். போதாது என்று நான் போட்டி நடத்துகிறவர்களோடு சண்டை போட்டு இன்னும் நாலு மூட்டை போட வைத்தேன். பழைய மெத்தை ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் புறப்படுவதற்கு முன்னால் நான் கேபிள் காரில் இறங்கி அந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன். விழுந்ததும் முதலில் தூக்குவது என் கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவன் விழவில்லை. பலகையிலிருந்து குதித்தான், முன்பக்கம் அடிவரைக்கும் அமுங்கியது, பின்சக்கரம் ஆளுயரத்துக்கு எழும்பியது, பையன் எப்படியோ இடுப்பைப் பின்னால் போட்டுச் சமாளித்துக்கொண்டு போய்விட்டான். கூட்டம் கத்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஓட்டுகிறவனைப் பெற்றது நான். அதே சமயம் கோபமும் வந்தது. மூட்டையெல்லாம் வீணாகிவிட்டதே, இதற்கப்புறம் வைக்கோல் கிடையாதே என்று.

சந்தைக்கு மேலே கடைசிப் படிக்கட்டு. பக்கத்தில் கற்சுவர். அங்கே பிரேக் பிடித்திருக்கிறான்.

எல்லோரும் ஓடினார்கள். எனக்கு முட்டிவலி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கினேன். நான் போவதற்குள் அவனை ஸ்ட்ரெச்சர் பலகையில் கட்டியிருந்தார்கள். மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள். வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சைக்கிள் சுவரோரம் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஃபோர்க்கில் இன்னும் இருபது காற்று ஏற்றி வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் அமுக்கிப் பார்ப்பார்கள் அல்லவா. அதே வாரத்தில் மீட்டரையும் திறந்து முள்ளைப் பழையபடி பொய் சொல்ல வைத்தேன். மற்றப் பிள்ளைகளின் எண்ணெல்லாம் அந்தப் பொய்யில்தான் இருக்கிறது. அவர்களை விழவைக்க நான் என்ன ராட்சசியா?

கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது என்று டாக்டர் சொன்னார். என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டேதான் கேட்டேன். எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டேன்.

நான் கேட்டது ஓர் எலும்பு. கடவுள் வாரி வழங்கிவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றியும் எழுதுங்கள், அது மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்? நான் குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன், நகம் வெட்டுகிறேன். சின்ன வயதில் எப்படி இருந்தானோ அப்படி இருக்கிறான். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று நான் கேட்பதே இல்லை. இத்தாலியிலிருந்து அவன் பெயர் அச்சடித்த சட்டை ஒன்று தபாலில் வந்திருந்தது. நல்ல துணி. ஊட்டும்போது கழுத்தில் கட்டிவிட்டால் வடிகிற சூப்பைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் காற்று மெத்தையைக்கூடப் பையன்கள்தான் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் காற்றுப் பைகள், ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். எந்த இடத்திலும் உடம்பு அழுந்திப் புண்ணாகிவிடக் கூடாது என்பதற்காக. திருகியில் எடைக்கு ஏற்ற எண் வைக்க வேண்டும். ஃபோர்க் மாதிரியேதான்.

அசையாமல் கிடக்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேலை என்ன? ஒருநாள் கிரோவர் வந்து அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"தாடியோட நல்லா இருந்தடா. இப்ப உரிச்ச கோழி" என்றான் கிரோவர்.

"ஒன் கோணவாய விடவா?"

"இந்த வாய்க்குத்தாண்டா பொண்ணுங்க விழுது."

"டேய், அம்மாவோட பம்ப எடுத்துட்டு வா. காலியா ஒரு ஃபோர்க்கும் எடுத்துட்டு வா. என் கண்ணு முன்னாடி அடி."

கிரோவர் வேடிக்கை என்று நினைத்து அடித்தான். ஓர் அடி, இரண்டடி. முள் பூஜ்யத்திலேயே தூங்கியது. அப்புறம்தான் எழுந்தது. லிம்பெர்ட் கண்ணை மூடிக்கொண்டான். நான் கிண்ணத்தோடு நின்றேன்.

"அன்னிக்கு மொத அடியிலயே எந்திரிச்சுதும்மா" என்றான்.

"சூப்பு ஆறுது. வாயத் தொற."

"அம்மா. அன்னிக்கு மேல வெச்சு ஒங்கிட்ட வந்து கேட்டேன்ல."

"வாயத் தொற கண்ணு."

அவன் திறக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கிரோவர் காதருகில் போனைப் பிடிக்க, என் தங்கை ஹசிந்தாவோடு மட்டும் பேசினான். கொச்சபம்பாவில் இருக்கிறாள். சித்தி வீட்டுக்குப் போக வேண்டுமாம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாதவன், அப்போதும் போகத்தான் கேட்கிறான், பார்த்தீர்களா? அவளும் கட்டில் வாங்கி, ஜன்னலோரம் போட்டு, காத்திருக்கிறாளாம். தன் வயிற்றில் சுமக்காதவளுக்கு எத்தனை ஆசை.

போன மாதம் ஆம்புலன்ஸ்கூட வாசலுக்கு வந்தது. நான் தடுக்கவில்லை. கூட வந்த டாக்டர்தான் அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் ஆழமாக இருக்கிறது, அது ஆறும்வரைக்கும் மலைப்பாதையில் இத்தனை தூரம் கொண்டுபோகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பாவம், ஹசிந்தா போனில் அழுதாள்.

ஆகவே, வக்கீலம்மா, நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? நீங்கள் நீதிபதியிடம் ஒன்றுமட்டும் சொல்ல வேண்டும். வயதானவள், தானாகவே சொல்லிவிட்டாள், நோயாளியை இடம் மாற்ற முடியாது, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அதனால் வழக்கு முடியும்வரை வீட்டுக் காவலில் வையுங்கள் என்று சொல்லுங்கள். நான் விசாரித்துவிட்டேன், அப்படிக் கொடுப்பார்களாம். வாசலில் போலீஸ்காரர் ஒருவரை உட்கார வையுங்கள், அவருக்கும் சூப் கொடுக்கிறேன். நான் வெளியே போக மாட்டேன், அவனும் போக மாட்டான். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

என்ன லிம்பெர்ட், இப்போது பேசுகிறாயா? சத்தமாகப் பேசு கண்ணு, மோட்டார் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்காது.

"வக்கீலம்மா, எந்திரிச்சு வாங்க. மெத்தை திருகி எதுல நிக்குதுன்னு பாருங்க. என்னால தலைய அவ்வளவு திருப்ப முடியாது."

உட்காருங்கள், வக்கீலம்மா. சூப் அப்படியே இருக்கிறதே. எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? கிரோவர், நீ ஏன் உள்ளே வருகிறாய், செருப்பைக் கழற்று.

சரி, பாருங்கள். ஆமாம், ஆகக் குறைந்த கோட்டில்தான் நிற்கிறது. அவன் எடைக்கு நடுக்கோட்டில் இருக்க வேண்டும், எனக்குத் தெரியாதா? நடுவில் வைத்தால் புண் ஆறிவிடும். ஆறினால் நாளைக்கே கொண்டுபோய்விடுவீர்கள். அங்கே யார் இவனைப் பார்ப்பார்கள், யார் மசித்துக் கொடுப்பார்கள்? அதைக் கூட்டாதீர்கள், கையை எடுங்கள். என் பிள்ளைக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். கொஞ்சம்தான் இறக்கி வைத்திருக்கிறேன். வலிக்காது, வக்கீலம்மா, அங்கே அவனுக்கு ஒன்றும் தெரியாது.